பொலிக்குதிரையும் குடியானவனும்



குதிரையைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் உங்களிற் சிலர் வியப்படையக்கூடும். என் ஊர் நாரணாபுரம், சிவகாசியை அடுத்தது. பட்டாசு என்றால் எங்கள் பக்கத்தை உலகம் அறியும். தீப்பெட்டி என்றாலும் அச்சுத் தொழில் என்றாலும் அறியும். குதிரை என்றால் ஒருவரும் எங்கள் பக்கம் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். கரிசல் மண்ணும் வானம் பார்த்த வெள்ளாமையும் உள்ள இந்தச் சீமையில் குதிரைக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். வேலை இருந்தது. சிவகாசிப் புகைவண்டி நிலையத்தின் வாசலில் ஜட்கா வண்டிகள் வரிசையாக நின்றதை நான் கண்ணாற் கண்டவன். அவற்றுள் ஒரு வண்டி என் பாட்டனாருடையது.

பாட்டனாருக்கு இரண்டு குறுக்கம் கரிசற்காடும், ஒரு வண்டியும், ஒரு செவலைப் பெட்டைக்குதிரையும் இருந்தன. காடு மழையை நம்பியது; குடும்பம் குதிரையை நம்பியது. அந்தச் செவலைக்கு ஓர் அரிய குணம் உண்டு. திருவிழாவில் காதருகே வெடி வெடித்தாலும் அது மிரளாது. எங்கள் ஊரில் இது சிறிய செய்தியன்று. வெடிச் சத்தத்துக்கு மிரளும் குதிரையை வைத்துக்கொண்டு சிவகாசித் தெருவில் வண்டி ஓட்டுபவன் நாள்தோறும் உயிரைப் பணயம் வைப்பவனாவான். ஆதலால், இந்தக் குணமுள்ள ஒரு குட்டி தமக்கு வேண்டும் என்று பாட்டனார் ஆசைப்பட்டார். 1969-ஆம் ஆண்டில் நான் மூன்றாம் வகுப்பு மாணவன். அவ்வாண்டு அவர் செவலைக்கு ஏற்ற ஒரு பொலிக்குதிரையைத் தேடிப் புறப்பட்டார். அந்தத் தேடலை முன்வைத்தே இன்றைய பேச்சைத் தொடங்குகிறேன்.

பொலிக்குதிரை என்பது காயடிக்கப்படாத, இனவிருத்திக்கென்றே பேணப்படும் ஆண்குதிரை. மாட்டுக்குப் பொலிகாளை எப்படியோ அப்படியே குதிரைக்குப் பொலிக்குதிரை. அதை வளர்ப்பவர், பெட்டைக்குதிரை வைத்திருப்பவர்களிடம் கட்டணம் பெற்றுக்கொண்டு அதைச் சேர்க்கைக்கு விடுவார். பிறக்கும் குட்டி பெட்டைக்கு உரியவரைச் சேரும். கேட்பதற்கு இது மிக எளிய ஏற்பாடு. ஆயினும் ஒரு வட்டாரத்துக் குதிரைகளின் தலைவிதியே இதில் அடங்கியிருக்கிறது. எப்படி என்று ஒரு சிறு கணக்கால் விளக்குகிறேன்.

ஒரு பெட்டைக்குதிரை ஏறத்தாழ பதினொரு மாதம் சினை சுமக்கும். எனவே ஆண்டுக்கு ஒரு குட்டிக்கு மேல் அது ஈன முடியாது. வாழ்நாளில் பத்துக் குட்டி ஈன்றால் அதுவே பெரிது. பொலிக்குதிரையின் நிலை வேறு. ஆண்டுக்கு ஐம்பது பெட்டைகளுடன் சேர்க்கப்படும் ஒரு குதிரையை எண்ணிப் பாருங்கள். அவற்றுள் முப்பது குட்டி ஈன்றால், பத்து ஆண்டுகளில் முந்நூறு குட்டிகள். தாயின் நன்மையும் தீமையும் பத்து உயிர்களோடு நிற்கும். தந்தையினுடையவை முந்நூறு உயிர்களுக்குப் பரவும். நல்ல பொலிக்குதிரை ஒன்று வந்தால் ஒரு வட்டாரமே மேம்படும். குற்றமுள்ள ஒன்று வந்தால் அக்குற்றம் இருபது ஆண்டுகள் கழித்தும் வண்டிப்பேட்டையில் நொண்டிக்கொண்டு நிற்கும்.

நிற்க. தமிழ்நாட்டுக்கும் குதிரைக்கும் உள்ள உறவைச் சற்றே நோக்குவோம். நம் குதிரைகளிற் பெரும்பாலானவை கடல் கடந்து வந்தவை. பத்துப்பாட்டில் ஒன்றாகிய பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் கப்பல்வழி வந்து இறங்கிய குதிரைகளைக் குறிப்பிடுகிறது. பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் பொன்னோடு அனுப்பப்பட்ட அமைச்சர் வாதவூரரே பின்னர் மாணிக்கவாசகர் ஆனார் என்பதும், நரி பரியான கதையும் நீங்கள் அறிந்தவை. அந்தக் கதையில் நாம் கவனிக்க மறப்பது ஒன்று உண்டு. மன்னனுக்குக் குதிரை தேவைப்பட்டபோது ஆள் சென்றது கடற்றுறையை நோக்கியே. நாட்டுக்குள் இருந்த குதிரைப் பண்ணையை நோக்கியன்று.

13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த வெனிஸ் நகரத்து வணிகர் மார்க்கோ போலோ இதனை விரிவாக எழுதி வைத்துள்ளார். தாமிரபரணி கடலொடு கலக்குமிடத்தில் இருந்த காயல் துறையில் ஆர்மஸ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரைகள் வந்து இறங்கின. மன்னன் ஆண்டுதோறும் 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்க விரும்பினான் என்றும், அவனுடைய நான்கு சகோதரர்களும் அவ்வாறே செய்தனர் என்றும் அவர் கூறுகிறார். ஆண்டு முடிவில் அவற்றுள் நூறு கூட உயிரோடு எஞ்சுவதில்லையாம். லாடம் அடிக்கவும் நோய் பார்க்கவும் தெரிந்தவர் இந்நாட்டில் இல்லை. அத்தகையோர் இங்கே வருவதைக் குதிரை வணிகர்களே தடுத்தனர். குதிரை செத்தால்தானே மறு ஆண்டும் விற்கலாம் என்று அவர் காரணமும் காட்டுகிறார். குதிரைகளுக்குச் சோறும் வேகவைத்த இறைச்சியும் கொடுத்தனர் என்பதும் அவர் குறிப்பு.

இன்னொரு செய்தியையும் அவர் சொல்கிறார். உயர்ந்த பெட்டையை உயர்ந்த பொலிக்குதிரையோடு சேர்த்தாலும் இந்நாட்டில் கால் கோணலான சிறு குட்டியே பிறக்கிறது என்பதே அது. இதைப் படித்த பலர், நம் மண்ணுக்கும் வெயிலுக்கும் குதிரை ஒவ்வாது என்று முடிவு கட்டிவிட்டனர். அந்த முடிவை நான் அப்படியே ஏற்பதில்லை. குதிரை புல்லை நம்பிய உயிர். அதற்கு மாட்டைப் போல நான்கு அறை கொண்ட வயிறு இல்லை, வயிறு சிறியது, நார்ப்பொருளைச் செரிப்பது பின்னால் உள்ள பெருங்குடற் பகுதி. அத்தகைய உயிருக்குச் சோறும் இறைச்சியும் ஊட்டிவிட்டு, பிறந்த குட்டியின் கால் கோணிற்று என்று வானத்தைப் பழிப்பது எங்ஙனம் பொருந்தும்? நம் தமிழ்நாட்டின் எல்லைக்கு அப்பாலுள்ள குணிகல்லில் திப்பு சுல்தான் காலத்திலேயே குதிரைப் பண்ணை நடந்தது. ஓசூரில் 1824-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் படைக்குதிரைகளுக்கென ஒரு பண்ணை அமைத்தனர். அதுவே இன்று கால்நடைப் பண்ணையாக விளங்குகிறது. மேட்டு நிலத்துக் குளிர்ச்சி அவ்விடங்களுக்குத் துணை என்பது உண்மையே. ஆனாலும் தீனி, பராமரிப்பு, மருத்துவம், தேர்ந்தெடுத்த பொலிக்குதிரை என்ற நான்கும் இல்லாத இடத்தில் எந்தக் குளிர்ச்சியும் நல்ல குட்டியைத் தந்துவிடாது.

இனி, பிற நாட்டார் இதனை எவ்வாறு நடத்தினர் என்று பார்ப்போம். ஒரு குடியானவனால் சிறந்த பொலிக்குதிரை வாங்க இயலாது. வாங்கினாலும் தீனி போட்டுக் கட்டாது. ஒன்றிரண்டு பெட்டைகளுக்காக ஆண்டு முழுவதும் ஒரு முரட்டு விலங்கை யார் காப்பார்? ஆகவே சில அரசுகள் அந்தச் சுமையைத் தாமே ஏற்றன. பிரான்சு நாட்டில் பதினான்காம் லூயி மன்னனின் அமைச்சர் கோல்பேர் 1665-ஆம் ஆண்டில் அரசுக் குதிரைப் பண்ணை முறையைத் தொடங்கினார். ஜெர்மனியின் ஹனோவர் நாட்டில், இங்கிலாந்துக்கும் மன்னனாயிருந்த இரண்டாம் ஜார்ஜ் 1735-ஆம் ஆண்டில் செல்லே என்ற ஊரில் ஓர் அரசுப் பண்ணை நிறுவினான். குடிமக்களின் பெட்டைகளுக்கு உயர்ந்த பொலிக்குதிரைகளைக் குறைந்த கட்டணத்தில் கிடைக்கச் செய்வதே அதன் நோக்கம். பருவகாலம் வந்ததும் குதிரைகள் ஊர்ப்புற நிலையங்களுக்கு அனுப்பப்படும். விவசாயி தன் பெட்டையை நடத்திக் கொண்டுவந்து சேர்த்துப் போவான். பருவம் முடிந்ததும் குதிரைகள் பண்ணைக்குத் திரும்பும். அந்தப் பண்ணை இன்றும் நடைபெறுகிறது. ஹனோவர்க் குதிரைகள் உலகப் புகழ் பெற்றமைக்கு அரசனின் லாயம் மட்டும் காரணமன்று. விவசாயியின் தொழுவத்துக்கும் அதிற் சரிபங்கு உண்டு.

இங்கிலாந்தில் 18-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ராபர்ட் பேக்வெல் என்ற விவசாயி மற்றொரு வழியைக் கண்டார். தம் ஆட்டுக்கடாக்களையும் பொலிக்குதிரைகளையும் அவர் விற்காமல், பருவத்துக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விட்டார். இதில் வருவாய் மட்டுமன்று, ஒரு பெரிய அறிவும் கிடைத்தது. வெவ்வேறு மந்தைகளில் தம் கடாவுக்குப் பிறந்த குட்டிகளைப் பார்த்து, எந்தக் கடா உண்மையில் நல்ல கடா என்று அவர் தீர்மானிக்க முடிந்தது. தந்தையின் தோற்றத்தை விடப் பிள்ளைகளின் தரமே சான்று என்ற இந்த உண்மையை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் இதற்குத் தேவை வரும்.

இந்தியாவிலும் முயற்சிகள் நடந்தன. கிழக்கிந்தியக் கம்பெனி பீகாரிலுள்ள பூசா என்ற இடத்தில் குதிரைப் பண்ணை நடத்தியது. 1808-ஆம் ஆண்டில் அதன் மேற்பார்வையாளராக வந்தவர் வில்லியம் மூர்கிராப்ட். முறையாக விலங்கு மருத்துவம் பயின்றவர். குதிரைத் தீனிக்காக அங்கே ஓட்ஸ் பயிரிட்டவரும் அவரே. சிறந்த பொலிக்குதிரைகளைத் தேடி 1819-இல் புறப்பட்டு, லடாக், காஷ்மீரம், ஆப்கானிஸ்தானம் வழியாகப் புகாரா வரை சென்றார். 1825-இல் திரும்பும் வழியில் மாண்டார். பொலிக்குதிரை ஒன்றன் பொருட்டு ஒரு மனிதர் ஆறாண்டுகள் மலையும் பாலையும் கடந்தார் என்றால், அதன் அருமை விளங்கும். அந்தப் பூசாவில்தான் 1905-இல் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. 1934-ஆம் ஆண்டுப் பூகம்பத்தில் கட்டடம் சிதைந்ததும் நிலையம் தில்லிக்கு மாறியது. பெயரும் உடன் சென்றது. தில்லியில் பூசா என்ற பெயரைக் கேட்கும் பொழுதெல்லாம், அது ஒரு காலத்தில் குதிரைப் பண்ணை இருந்த ஊரின் பெயர் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

அரசு தலையிட்டாலே நன்மை என்றும் எண்ணிவிடக் கூடாது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பஞ்சாபில் ஜீலம் ஆற்றின் கீழ்க்கால்வாய்க் குடியேற்றத்தில் ஒரு நிபந்தனை விதித்தனர். நிலம் பெறுபவன் படைக்குக் குட்டி தரும் பெட்டைக்குதிரை ஒன்றை வளர்த்தாக வேண்டும். நிலம் பிள்ளைகளுக்குள் பிரியாமல் ஒரே வாரிசுக்குச் செல்ல வேண்டும் என்றும் கட்டுப்பாடு வந்தது. அரசுக்குக் குதிரை கிடைத்தது. குடியானவனுக்கு மனக்குறை மிஞ்சியது. செல்லேயில் விவசாயி தன் பெட்டையைத் தானாக ஓட்டி வந்தான்; ஜீலத்தில் குதிரை அவன் நிலத்தின்மீது சுமத்தப்பட்டது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நீங்களே உணர்வீர்கள்.

இப்பொழுது சேர்க்கையின் முறையைச் சொல்கிறேன். இது இயற்கையின் ஒழுங்கு; வெட்கத்துக்குரிய பேச்சன்று. பெட்டைக்குதிரை ஏறத்தாழ 21 நாட்களுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். ஐந்து முதல் ஏழு நாட்கள் அது ஆண்குதிரையை ஏற்கும். குளிர்நாடுகளில் பகற்பொழுது நீளும் வசந்தத்திலும் கோடையிலுமே பருவம் வரும். குட்டி மறு ஆண்டு பசும்புல் முளைக்கும் காலத்தில் பிறக்கட்டும் என்பது இயற்கையின் ஏற்பாடு. நிலநடுக்கோட்டை அணுகிய நம் பகுதியில் பகலின் நீளம் அதிகம் மாறுவதில்லை; ஆகையால் இங்கே பருவம் ஆண்டின் பல மாதங்களிலும் வரக்கூடும். பெட்டை இசைகிறதா என்பதை அறிய, முதலில் ஒரு தடுப்புக்கு அப்பால் ஆண்குதிரையைக் காட்டுவார்கள். அது காதைப் பின்னே மடக்கி உதைத்தால் இன்னும் பொழுது வரவில்லை என்று பொருள். குட்டி ஈன்று ஏழு முதல் பத்து நாட்களுக்குள் மீண்டும் ஒரு பருவம் வருவதும் உண்டு.

சேர்க்கைக்கு முன் பார்க்க வேண்டியவை மூன்று. முதலாவது உடல்நலம். துரின் என்று ஒரு நோய் உண்டு. சேர்க்கையின் வழியாகவே பரவுவது. நோயுள்ள ஒரே பொலிக்குதிரை ஒரு வட்டாரத்துப் பெட்டைகள் அனைத்தையும் கெடுத்துவிடும். கிளாண்டர்ஸ் என்ற கொடிய தொற்று மனிதரையும் பற்றும். அது கண்டால் உடனே அரசுக்கு அறிவித்தாக வேண்டும் என்பது இன்றைய சட்டம். ஆகவே இரத்தப் பரிசோதனைச் சான்று இல்லாத குதிரையைக் காசின்றிக் கொடுத்தாலும் சேர்க்கக் கூடாது. இரண்டாவது அமைப்பு. பல்வரிசை, கண், மூச்சு, குளம்பு, கால் ஆகியவற்றை நிற்கவைத்துப் பார்க்க வேண்டும். நடக்கவிட்டுப் பார்க்க வேண்டும். ஓடவிட்டும் பார்க்க வேண்டும். மூன்றாவது குணம். கடிப்பதும் மிரள்வதும் ஒரு பங்கு பழக்கத்தால் வருவன. ஒரு பங்கு பிறவியிலேயே வருவன.

நம்மவர் இம்மூன்றையும் விட்டு நான்காவது ஒன்றைப் பார்த்தார்கள், அது சுழி. நெற்றியில் இந்தச் சுழி இருந்தால் ஆகும், மார்பில் அந்தச் சுழி இருந்தால் குடி கெடும் என்று நீண்ட பட்டியல் உண்டு. கழுத்தில் அமையும் தேவமணி என்ற சுழிக்குத் தனி விலையே உண்டு. அசுவசாத்திரம் எழுதிய முன்னோர் குதிரையை உற்று நோக்கியவர்கள் என்பதில் ஐயமில்லை. தீனி, நோய், நடை ஆகியவை பற்றி அவர்கள் கூறியவற்றில் கற்க வேண்டியது பல உண்டு. ஆயினும் மயிர் எந்தப் பக்கம் சுழல்கிறது என்பது காலின் வலிமையை அறிவிக்காது.

என் பாட்டனார் தவறியது இங்கேதான். ஒரு நாள் வழித் தொலைவில் ஒருவர் பொலிக்குதிரை வைத்திருந்தார். செவலையை ஓட்டிக்கொண்டு நாங்கள் அங்கே போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. சாம்பல் நிறக் குதிரை, உயர்ந்த கழுத்து, கழுத்தில் தேவமணி. கணுக்கால் மறையும்படி வைக்கோல் பரப்பி, சுவரை ஒட்டி அதை நிறுத்தியிருந்தார்கள். “அண்ணாச்சி, சுழியைப் பாருங்க. இதற்குப் பிறகு எதைப் பார்க்க வேண்டும்?” என்றார் உடையவர். பாட்டனார் சுழியைப் பார்த்தார். பிறகு எதையும் பார்க்கவில்லை. ஒரு மூட்டைக் கொள்ளும் பதினைந்து ரூபாயும் கொடுத்தார். அந்தக் காலத்தில் எங்கள் வீட்டுக்கு அது பெருந்தொகை. நாங்கள் நின்ற குதிரையைப் பார்த்தோம். நடந்த குதிரையைப் பார்க்கவில்லை.

செவலை சினைப்பட்டது. கடைசி மூன்று மாதம் பாட்டனார் அதை வண்டியிற் பூட்டவில்லை. அந்த மூன்று மாதமும் வீட்டில் ஒருவேளை உலை ஏறியது, மறுவேளை கம்பங்கூழ். ஒரு விடியற்காலையில் குட்டி பிறந்தது. ஆண்குட்டி, தந்தையைப் போலவே உயர்ந்த கழுத்து, அதே இடத்தில் அதே சுழி. தெருவே வந்து பார்த்தது. ஆறு மாதம் சென்றபின் எல்லார் கண்ணுக்கும் அது தெரிந்தது. பின்னங்கால் முட்டிகள் இரண்டும் உட்புறமாகச் சாய்ந்து, நடக்கையில் ஒன்றோடொன்று தட்டின. பாரவண்டி இழுக்கும் விலங்குக்கு இதைவிடப் பெரிய குறை வேண்டியதில்லை. அதனால் ஏற்றத்தில் ஊன்றி இழுக்க முடியாது.

பாட்டனார் அதைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனார். நானும் உடன் சென்றேன். மருத்துவர் குட்டியை நான்கு முறை நடக்கவிட்டுப் பார்த்தார். பிறகு தந்தைக் குதிரை எது என்று கேட்டார். சொன்னதும் சிறிது நேரம் பேசாதிருந்து, “இதே கால் உள்ள குட்டி எனக்கு இது மூன்றாவது. தாய்கள் வேறு வேறு, ஊர்களும் வேறு வேறு, தந்தை ஒன்று” என்றார். ஒரு குட்டியில் குறை கண்டால் அது தீனிக் குறையாகவும் இருக்கலாம், தற்செயலாகவும் இருக்கலாம். மூன்று தாய்களின் குட்டிகளில் ஒரே குறை கண்டால் தந்தையைத்தான் ஐயுற வேண்டும் என்று அவர் விளக்கினார். பேக்வெல் கண்ட உண்மையை, அந்தப் பெயரை அறியாமலே, நான் அன்று கற்றுக்கொண்டேன். பின்னாளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்றபோதும் சான்று என்றால் என்ன என்பதை விளக்க இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

கதை இங்கே முடியவில்லை. குட்டிக்கு இரண்டு வயதாகும் தறுவாயில் ஒருவர் வீடு தேடி வந்தார். சுழியைப் பற்றிக் கேள்விப்பட்டாராம். பொலிக்குதிரையாக வைத்துக்கொள்ள நல்ல விலை தருவதாகச் சொன்னார். அந்தப் பணம் எங்கள் கடனை அடைத்து, வண்டிக்குப் புதுச் சக்கரமும் போட்டிருக்கும். என் தகப்பனார் கொடுத்துவிடலாம் என்றார். “காலைப் பற்றி அவரே கேட்கவில்லையே, ஐயா!” என்றும் வாதாடினார். பாட்டனார் சொன்ன மறுமொழி எனக்கு இன்றும் நினைவிருக்கிறது: “கேட்காதவனிடம் மறைத்து என்னிடம் விற்றான் ஒருவன். நானும் அப்படி விற்றால், இன்னும் எத்தனை வீட்டில் மூன்று மாதம் கூழ் குடிப்பார்கள்?” மறுநாளே குட்டியைக் கால்நடை மருத்துவமனைக்கு ஓட்டிச் சென்று காயடித்துவிட்டார்.

அது எங்களிடமே வளர்ந்தது. இலேசான கூட்டுவண்டியில் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்ல மட்டும் பயன்பட்டது. ஒன்று சொல்ல வேண்டும்: வெடிச் சத்தத்துக்கு அதுவும் மிரளவில்லை. தாயின் குணம் வந்தது. தந்தையின் கால் வந்தது. பாட்டனார் அதன் முதுகைத் தடவி, “நீ செய்த பிழை ஒன்றும் இல்லை” என்று சொல்வதுண்டு. அந்தப் பொலிக்குதிரைக்கு உடையவர் இழப்பை ஈடுசெய்ய அடுத்த சேர்க்கையைக் கட்டணமின்றித் தருவதாகச் சொல்லி அனுப்பினார். பாட்டனார் அதையும் ஏற்கவில்லை.

இன்று ஜட்கா வண்டிகள் மறைந்துவிட்டன. நாட்டிலும் குதிரைகள் அருகி வருகின்றன. 2012-ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் 6 லட்சத்துக்கு மேல் இருந்த குதிரைகளும் மட்டக்குதிரைகளும் 2019-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 3.4 லட்சமாகக் குறைந்தன. மார்வாரி, கத்தியவாரி, மணிப்புரி, ஸ்பிட்டி, ஜான்ஸ்காரி, பூட்டியா முதலிய நம் நாட்டு இனங்களைக் காப்பது பெரும் பணியாகிவிட்டது. 1985-இல் ஹிசாரில் நிறுவப்பட்ட தேசியக் குதிரையின ஆராய்ச்சி நிலையமும், பிகானீரில் உள்ள அதன் கிளையும் இப்பணியில் ஈடுபட்டுள்ளன. தேர்ந்த பொலிக்குதிரைகளின் விந்தைத் திரவ நைட்ரஜனில் உறையவைத்துத் தொலைவிலுள்ள பெட்டைகளுக்கும் அளிக்க இயலுகிறது. பந்தயக் குதிரையாகிய தரோப்ரெட் இனத்துக்கு மட்டும் இயற்கைச் சேர்க்கையன்றி வேறெதையும் பதிவேடு ஏற்பதில்லை. நம் மாநிலத்தில் ஆடி மாதத்தில் அந்தியூர்க் குருநாதசுவாமி கோயில் திருவிழாவை ஒட்டி நடைபெறும் சந்தையில் இன்றும் குதிரைகளைக் காணலாம். அங்கே போனால், குதிரையை நடக்கவிட்டுப் பார்க்கிறவர் எத்தனை பேர், சுழியை மட்டும் பார்க்கிறவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

குதிரை வளர்க்காத எங்களுக்கு இது எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். உங்களிற் பலர் வீட்டில் பசு இருக்கும். 1939-ஆம் ஆண்டில் மைசூர் அரண்மனைப் பால்பண்ணையில் சம்பத் குமாரன் செயற்கைமுறைக் கருவூட்டலை இந்தியாவில் முதன்முதலாகச் செய்து காட்டினார். இன்று ஊர்தோறும் அம்முறை பரவியுள்ளது. குடியானவர் பொலிகாளையை நேரில் பார்ப்பதே இல்லை. அவர் காண்பது ஒரு மெல்லிய உறைவிந்துக் குச்சி. அதன்மேல் அச்சிட்ட ஓர் எண். அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு பதிவேடு இருக்கிறது: காளையின் தாய் எவ்வளவு பால் கறந்தது, மகள்கள் எவ்வளவு கறக்கின்றன, என்ன நோய்ச் சோதனை நடந்தது என்று. ஒரே காளையின் விந்து பல்லாயிரம் பசுக்களுக்குச் செல்கிறது. என் பாட்டனார் காலத்தில் பொய்யான ஒரு பேச்சு மூன்று வீட்டைக் கெடுத்தது. இன்று அந்தப் பதிவேட்டில் பொய்யான ஒரு வரி இருந்தால் மூவாயிரம் வீட்டைக் கெடுக்கும். சில உயர்ந்த காளைகளையே எங்கும் பயன்படுத்தினால், உறவுக்குள் உறவு சேர்ந்து இனமே நலியும் அபாயமும் உண்டு. காங்கேயம் போன்ற நம் நாட்டு இனங்களைத் தனித்துப் பேணுவதன் தேவையும் அதனாலேயே.

மாணவர்களே, உங்களுள் சிலர் கால்நடை மருத்துவராவீர்கள். சிலர் பதிவேடு எழுதுபவராவீர்கள். பலர் அந்த எண்ணை நம்பிப் பணம் கொடுக்கும் குடியானவராவீர்கள். மருத்துவராகிறவர் நடக்கவிட்டுப் பாருங்கள். எழுதுகிறவர் கண்டதை எழுதுங்கள். பணம் கொடுக்கிறவர், கழுத்துச் சுழியோடு நின்றுவிடாமல் காலைக் காட்டும்படி கேளுங்கள். மாலை வெயிலில் வைக்கோலின்மேல் நின்ற அந்தச் சாம்பல் நிறக் குதிரையைப் பத்தடி நடத்திக் காட்டும்படி நாங்கள் அன்று கேட்டிருந்தால் போதும். அதற்குக் காசும் வேண்டியதில்லை, கல்வியும் வேண்டியதில்லை. கேட்கத்தான் எங்களுக்குத் தோன்றவில்லை.